முற்றத்தில் மண் இருக்கட்டும்

வீட்டுக் கடனுக்கான விண்ணப்பத்தோடு வங்கியில் ஒப்படைக்கப்படும் ஆவணங்களுள் கட்டட வரைபடமும் ஒன்று. கூடம், சமையலறை, படுக்கையறை என ஒவ்வொன்றுக்கும் அதில் பெயரும் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். கட்டடத்தைச் சுற்றி, மதிற்சுவர் வரைக்கும், பெயரில்லாத வெள்ளைப் பட்டை ஒன்று ஓடும். உள்ளாட்சி விதிகளின்படி கட்டாயமாக விடவேண்டிய திறந்தவெளி அது. வெளிச்சத்துக்காகவும் காற்றுக்காகவும் அண்டை வீட்டாரின் பாதுகாப்புக்காகவும் சட்டம் அதை ஒதுக்கிவைத்திருக்கிறது. அந்த வெள்ளைப் பட்டை பிற்பாடு என்ன ஆகிறது என்பதைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகிறோம்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். வண்ணப்பூச்சு முடிந்து, புதுமனை புகுவிழாவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. ஒப்பந்தக்காரர் வந்து, "சுற்றிலும் கல் பதித்துவிடலாமா?" என்று கேட்கிறார். செருப்பில் சேறு ஒட்டாது, பார்வைக்கும் துப்புரவாக இருக்கும் என்பதால் வீட்டாரும் தலையசைக்கிறார்கள். மதிற்சுவர் முதல் வீட்டுச் சுவர் வரை சிமெண்டுக் கல் பரவிவிடுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே வீட்டில் தோட்ட ஆசை பிறக்கிறது. செடி வளர்க்கும் பைகளும் தென்னை நார்க்கழிவும் செம்மண் மூட்டைகளும் மாடிக்கு ஏறுகின்றன. காலடியில் இருந்த மண்ணைப் பணம் கொடுத்து மூடிவிட்டு, வேறெங்கிருந்தோ வந்த மண்ணைப் பணம் கொடுத்து மாடிக்கு ஏற்றுவது எந்தக் கணக்கில் சேரும் என்று நமக்கு விளங்கவில்லை. மாடித் தோட்டத்தை நாம் குறைகூறவில்லை. வேறு வழியில்லாதவர்களுக்கு அது நல்ல வழி. தரையில் இடம் உள்ளவர்கள் அந்த இடத்தை மண்ணாகவே விட்டுவைக்க வேண்டும், அதில் உண்ணத்தக்கவற்றையும் நறுமணப் பயிர்களையும் வளர்க்க வேண்டும் என்பதே நம் வாதம்.

மழை மிகுந்த நம் நாட்டுப் பகுதிகளில் எல்லாம் வீட்டை ஒட்டிய இந்த மண்ணுக்குத் தனிப்பெயர் உண்டு. தமிழில் கொல்லை, புழக்கடை, கன்னடத்தில் ஹித்தலு, மலையாளத்தில் புரயிடம், கோவாவில் குளாகர், அசாமில் பாரி. கட்டியது போக எஞ்சிய இடத்துக்கு யாரும் இவ்வளவு பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள். கேரளத்துப் புரயிடத்தை எடுத்துக்கொள்வோம். உச்சியில் தென்னை; அதன் கீழே பலாவும் மாவும்; அதற்கும் கீழே பாக்கு, ஜாதி, கிராம்பு; அம்மரங்களின் தண்டைப் பற்றியேறும் மிளகு; இடைவெளிகளில் வாழையும் மரவள்ளியும்; தரையோடு தரையாக இஞ்சி, மஞ்சள், சேனை, சேம்பு. வெயில் ஒரு தட்டில் தங்கிவிடாமல் மேலிருந்து கீழே வடிந்துகொண்டே வரும்படி அமைந்த அடுக்கு இது. மேலே நிற்பது வெயிலை விரும்பும்; கீழே இருப்பது நிழலைப் பொறுக்கும். பி. மோகன் குமாரும் பி. கே. ஆர். நாயரும் வெப்பமண்டல வீட்டுத் தோட்டங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் நூலாக வெளியிட்டார்கள். காலத்தின் சோதனையில் தேறிய முறை என்று அந்நூலின் துணைத்தலைப்பே இத்தோட்டங்களைக் குறிப்பிடுகிறது.

அசாமின் பாரியில் அடுக்கு அதேதான், ஆள்கள் வேறு. பாக்கு மரமும் அதில் ஏறிய வெற்றிலையும், பின்புறம் மூங்கில் புதர், வாழை, சிறு குளம், வேலியோரம் எலுமிச்சை. நீண்டு மணக்கும் அந்தக் காஜி எலுமிச்சையை 2024-இல் அசாம் அரசு தன் மாநிலப் பழமாக அறிவித்தது. அண்டை மாநிலமான மேகாலயாவின் ஜெயிந்தியா மலைப்பகுதியில் விளையும் லகடாங் மஞ்சள், குர்க்குமின் என்னும் நிறப்பொருள் மிகுதியாக இருப்பதால் பெயர்பெற்றது. கோவாவின் குளாகர் சற்றுப் பெரியது. மலைச்சரிவில் ஓடைநீரை வாய்க்காலில் திருப்பி, பாக்குக்கும் தென்னைக்கும் இடையே மிளகு, ஜாதி, அன்னாசி, வாழை என நிறைப்பார்கள். கன்னடத்தில் 'ஹித்தல கிட மத்தல்ல' என்றொரு பழமொழி உண்டு: கொல்லையில் நிற்கும் செடி மருந்தாகாது என்று பொருள். அருகில் இருப்பதன் அருமை தெரியாத மனிதரை இடித்துரைக்கும் சொல் அது. கொல்லையே இல்லாமல் போகும் காலம் வரும் என்று அதைச் சொன்னவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நகரத்து மனைக்கு இவையெல்லாம் பொருந்துமா என்று கேட்கலாம். 40 அடிக்கு 60 அடி மனையில் வீடும், வண்டி நிறுத்துமிடமும், நடைபாதையும் போக 400 சதுர அடி எஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பலாவும் தென்னையும் வேண்டா. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, மிளகு ஏறுவதற்கு ஒரு மரம், சுவரோர நிழலில் மஞ்சளும் இஞ்சியும், மூலையில் இரண்டு வாழை, ஒரு சேனைக் குழி ஆகியவற்றுக்கு அந்த இடம் தாராளம்.

மிளகைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் வீட்டில் வளர்க்க முடியாத பயிர் என்று பலரும் தவறாக எண்ணியிருப்பது மிளகைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளே இக்கொடியின் பிறப்பிடம். 1498-இல் வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டுக் கரை வரை இழுத்துவந்த இந்தப் பொருள், நம் வீட்டு மாமரத்திலும் ஏறிக் காய்க்கும். அதற்குத் தனி நிலம் வேண்டியதில்லை. கல்யாண முருங்கை, சீமை அகத்தி, பலா, மா, பாக்கு என எதிலும் ஏறும். பட்டை சொரசொரப்பாக இருப்பின் கணுவேர்கள் எளிதில் பற்றிக்கொள்ளும். வேரூன்றிய கன்றை மழை தொடங்கும் வேளையில் மரத்தின் வடக்குப் பக்கத்தில், அடியிலிருந்து ஓர் அடி தள்ளி நட வேண்டும். தெற்கு வெயிலும் மேற்கு வெயிலும் இளங்கொடியை வாட்டிவிடும் என்பதே திசையைக் குறிப்பிடுவதன் காரணம். மூன்றாம் ஆண்டில் சரம் விடத் தொடங்கும். நன்கு வளர்ந்த கொடி ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிலோ உலர்ந்த மிளகு தரக்கூடும். ஒரு சிறு குடும்பத்துக்கு அதற்கு மேல் தேவையுமில்லை.

மிளகுக்கு மழை வேண்டும், ஆனால் அடியில் நீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வாடல் நோய் பற்றும். பச்சையாக நின்ற கொடி சில நாள்களில் இலையுதிர்த்துக் கருகிவிடும். ஆகவே கொடியின் அடியைச் சுற்றி மண்ணைச் சற்று உயர்த்தியே வைக்க வேண்டும். அறுவடையிலும் நுணுக்கம் உண்டு. ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவக்கத் தொடங்கியதும் சரம் முழுவதையும் பறித்துவிட வேண்டும். உதிர்த்த மணிகளைக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, நான்கைந்து நாள் வெயிலில் காயவைத்தால் நிறம் ஒரே சீராகக் கறுக்கும். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்து ஒரு கிலோவாகும். பழுக்கவிட்டு, ஊறவைத்து, தோலை நீக்கினால் அதுவே வெண்மிளகு. பச்சைச் சரத்தை எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் ஊறப்போட்டு ஆண்டு முழுதும் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்வோர் உண்டு. ஒரே கொடியிலிருந்து இந்த மூன்றும் கிடைக்கும்.

ஏறுவதற்கு மரமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மிளகுக் கொடியில் மேல்நோக்கி ஏறும் தண்டு வேறு, பக்கவாட்டில் நீண்டு சரம் விடும் கிளை வேறு. ஏறும் தண்டிலிருந்தோ, அடியில் தரையில் ஓடும் தண்டிலிருந்தோ எடுத்த துண்டு கொடியாக வளரும். பக்கக் கிளையை வேர்விடச் செய்தால் அது ஏறும் குணத்தை இழந்து, இடுப்பளவு புதராக நின்றுவிடும். நட்ட முதலாண்டிலேயே காய்க்கவும் தொடங்கும். புதர் மிளகு என்று இதை அழைக்கிறார்கள். தொட்டியிலேயே வளரும். தென் அமெரிக்கக் காட்டுமிளகு இனம் ஒன்றின் வேர்த்தண்டில் இதை ஒட்டுக்கட்டியும் விற்கிறார்கள். அவ்வகை வாடல் நோயைத் தாங்கும், ஆனால் தண்ணீர் தவறக் கூடாது. இரக விவரம் கேட்டு வாங்குவது நல்லது. கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பன்னியூர்-1, உலகின் முதல் கலப்பின மிளகு இரகம். வெயில் நன்கு படும் இடத்துக்கு அது ஏற்றது. அடர்ந்த நிழலில் காய்ப்பு குறையும். மரநிழல் மிகுந்த கொல்லைக்கு வேறு இரகம் கேட்க வேண்டும்.

மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் கோடைமழை மண்ணை நனைத்ததும், முளைக்கண் உள்ள கிழங்குத் துண்டுகளை முக்கால் அடி இடைவெளியில் புதைத்து, மேலே பச்சிலை மூடாக்கு இட்டால் போதும். இஞ்சிக்கு மூடாக்கு மிக முக்கியம். நடும்போது ஒரு முறை, ஒன்றரை மாதத்தில் ஒரு முறை, மூன்று மாதத்தில் ஒரு முறை என மூன்று தடவை இடுவார்கள். தை, மாசியில் இலை பழுத்துச் சாய்ந்ததும் தோண்டலாம். பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட பாத்தியில் நன்கு விளைந்தால் ஆறேழு கிலோ பச்சை மஞ்சள் கிடைக்கும். அதை முக்கால் மணி நேரம் வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் காயவைத்தால் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அத்தனை உழைப்புக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தானா என்று தோன்றலாம். ஈயக் குரோமேட்டு கலந்து மஞ்சள் நிறத்தை ஏற்றும் கலப்படம் நம் நாட்டுச் சந்தைகளில் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆறு மாதக் குழம்புக்கு வேண்டிய மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று ஐயமின்றித் தெரிந்திருப்பதற்கு அந்த உழைப்பு தகும் என்றே நாம் கருதுகிறோம். கறிவேப்பிலைக்கும் இதே நியாயம் பொருந்தும். கடைக் கறிவேப்பிலையில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பது பரிசோதனைகளில் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. வீட்டுச் செடியில் பச்சைப் புழு ஒன்று இலையைத் தின்றுகொண்டிருந்தால் பதற வேண்டா; அது பெரும்பாலும் கறுப்பழகு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. செடி பெரிதாக இருப்பின் இருவருக்கும் போதும்.

சேனைக்கிழங்கை நகரத்துத் தோட்டக்காரர்கள் ஏனோ மறந்துவிட்டார்கள். கும்ப மாதத்தில் நட்டால் குடமளவு, மீன மாதத்தில் நட்டால் மீன்கண்ணளவு என்பது கேரளத்துப் பழமொழி. மாசியில் நட வேண்டியதைப் பங்குனிக்குத் தள்ளிப்போடாதே என்பது பொருள். முழங்கால் ஆழக் குழியில் காய்ந்த இலையும் சாணமும் நிரப்பி, நடுமுளையின் ஒரு பகுதி சேர்ந்துவரும்படி வெட்டிய துண்டை வைத்து மூடினால், எட்டு ஒன்பது மாதங்கள் அதன்பக்கம் போகவே வேண்டியதில்லை. குடைபோல் விரியும் அதன் ஒற்றை இலை மஞ்சளித்துச் சாய்ந்தபின் தோண்டிக்கொள்ளலாம். அரிப்பில்லாத நல்ல இரகங்கள் இப்போது உள்ளன. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நெடுங்காலமாகப் பணியாற்றிவருகிறது.

இனி, பொறுமை வேண்டும் மரங்கள். மழையும் ஈரமும் நிறைந்த ஊரில் வீடு கட்டுவோர் ஒரு ஜாதிக்காய் மரத்தைப் பற்றிச் சிந்திக்கலாம். விதையிலிருந்து வளர்ந்த கன்று பூக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அது ஆண் மரமா, பெண் மரமா என்பதும் அப்போதுதான் தெரியும். ஆண் மரமாக இருந்தால் அத்தனை ஆண்டுக் காத்திருப்புக்கும் நிழல் மட்டுமே மிஞ்சும். ஆகவே பெண் மரத்திலிருந்து கட்டிய ஒட்டுக்கன்றையே வாங்க வேண்டும். அக்கம்பக்கத்தில் ஆண் மரம் இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். வீட்டுக் கடனின் முதல் தவணை கட்டும் ஆண்டில் ஒட்டுக்கன்றை நட்டால், 20 ஆண்டுத் தவணை முடியும்போது அம்மரம் முழு விளைச்சலில் நிற்கும். கொட்டை ஒரு பொருள், அதைச் சுற்றிய செவ்விதழான ஜாதிபத்திரி வேறு பொருள், மேல்தோடு ஊறுகாய்க்கு. கிராம்பும் ஏழெட்டு ஆண்டு கேட்கும்; அது மலர்ந்துவிட்டால் பயனில்லை, மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். சிறிய முற்றத்துக்கு இவ்விரண்டையும்விட இலவங்கம் ஏற்றது. அதை வெட்டி வெட்டியே வளர்ப்பதால் ஆளுயரத்தைத் தாண்டாது. அடியிலிருந்து கிளைக்கும் குச்சிகளில் மூன்று நான்கு ஆண்டுக்குப்பின் பட்டை உரிக்கலாம். கடையில் பட்டை என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி காசியா என்னும் வேறு மரத்தின் தடித்த பட்டை. மெல்லிய இலவங்கப் பட்டையின் மணத்தை ஒருமுறை அறிந்தவர் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

எதை நடக் கூடாது என்பதிலும் நமக்கு உறுதியான கருத்து உண்டு. சமவெளியில் ஏலக்காயை நடாதீர்கள். கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல், மலைக்காட்டு நிழலிலும் குளிரிலும் காய்ப்பது அது. ஏலத்தை ஒத்த இலையும் மணமும் கொண்ட சித்தரத்தை இனச் செடியொன்று ஏலம் என்ற பெயரில் கைமாறுவதும் உண்டு. ஆண்டுகள் பல காத்திருந்தாலும் அதில் ஏலக்காய் வராது. குளிர்நிலத்துக் குங்குமப்பூவைத் தொட்டியில் பூக்கவைக்கலாம் என்று விளம்பரம் செய்வோரிடமும் எச்சரிக்கை தேவை. வறண்ட மாவட்டங்களில் வசிப்போர் ஜாதிக்கும் கிராம்புக்கும் ஏங்க வேண்டா. முருங்கை, கறிவேப்பிலை, மிளகாய், நெல்லி, எலுமிச்சை ஆகியன அங்கே செழிக்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 என்னும் செடிமுருங்கை விதைத்த ஆறே மாதத்தில் காய்க்கத் தொடங்குவது.

விற்பதற்காக நடுவதையும் நாம் ஊக்குவிக்கவில்லை. வங்கி இதழில் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெனிலாவின் விலை உச்சத்தைத் தொட்டது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் வீட்டு முற்றம் வரைக்கும் வெனிலா கொடி ஏறியது. ஒரே நாள் மட்டும் மலரும் அப்பூவைக் காலைவேளையில் ஒவ்வொன்றாகக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யக் குடும்பமே உட்கார்ந்தது. கொடிகள் காய்த்துக் குலுங்கியபோது விலை சரிந்துவிட்டது. அதே முற்றத்தில் மிளகும் இஞ்சியும் நட்டிருந்தவர்கள் அவற்றைச் சமைத்து உண்டார்கள். வெனிலாவை உண்ண முடியவில்லை. முற்றத்துப் பயிரின் விலை ஏறினாலும் இறங்கினாலும் நம் அடுக்களைக்கு அது பொருட்டாக இருக்கக் கூடாது. மிஞ்சுவதை அண்டை வீட்டுக்குக் கொடுப்பதே அதற்கு முறையான சந்தை.

கல் பதிப்போரின் தரப்பிலும் நியாயங்கள் உண்டு. கொசு வரும் என்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுவது. நீரை உறிஞ்சும் மண்ணைக் காட்டிலும் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளே அதற்கு உகந்த இடம். பாம்பு வரும் என்பது முழுக்கப் பொய்யன்று. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். செங்கல் குவியலும் விறகுக் கட்டும் இல்லாத, தரை கண்ணுக்குத் தெரியும் தோட்டத்தில் அந்த அச்சம் குறையும். சுவருக்குக் கேடு என்பது சரியான எச்சரிக்கை. பலாவையும் மாவையும் சுவரிலிருந்து 15 அடிக்குள்ளும், முருங்கையைக் கழிவுநீர்த் தொட்டியின் அருகிலும் நடக் கூடாது. வாழையையும் மஞ்சளையும் சுவரை ஒட்டாமல் இரண்டடி தள்ளி வைத்தால் ஈரம் ஏறாது. முதியோர் வழுக்கி விழுவார்கள் என்பவர்களுக்கு, வாசலிலிருந்து கிணறு அல்லது குழாய் வரை ஒரு நடைபாதைக்கு மட்டும் கல் பதியுங்கள் என்போம். முழு முற்றத்தையும் மூட அது காரணமாகாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். மேலே சொன்ன 400 சதுர அடி என்பது ஏறத்தாழ 37 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் அந்தத் துண்டு மண்ணின்மீது மட்டும் 37,000 லிட்டர் நீர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக்குக் கோடையில் நாம் கொடுக்கும் பணத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மண்ணில் விழுந்த நீர் முழுவதும் கிணற்றுக்குப் போய்ச்சேரும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கைச் செடி குடிக்கும். ஆயினும் கல் பதித்த முற்றத்தில் அது தெருச்சாக்கடைக்கு அன்றி வேறெங்கும் போகாது. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகள் 100 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கு மழைநீர் சேகரிப்பை வலியுறுத்துகின்றன. அதற்கென ஒரு குழியைத் தோண்டி வைத்துவிட்டு, சுற்றிலும் உள்ள மண்ணையெல்லாம் மூடிவிடும் வழக்கம் விந்தையானது.

இதனினும் நம்மை வருத்தும் இழப்பு ஒன்று உண்டு. கொல்லை இருந்த தலைமுறையில் ஒரு பாட்டிக்கு, இந்த மண்ணில் மஞ்சள் எப்போது சாயும், எந்தக் கறிவேப்பிலை மணக்கும், எந்த வீட்டுச் சேனை அரிக்காது என்பதெல்லாம் தெரிந்திருந்தன. பதியன் ஒரு வேலியிலிருந்து அடுத்த வேலிக்குக் கைமாறியது. கல்யாணமாகிப் போன பெண்ணோடு மல்லிகைப் பதியனும் மிளகுத் தண்டும் போயின. அந்த அறிவு எழுதிவைக்கப்பட்டதன்று, செய்துகொண்டே கற்பது. செய்ய மண் இல்லாத வீட்டில் அது ஒரே தலைமுறையில் நின்றுவிடும். அதற்குப்பின் ஏலத்தின் பெயரில் சித்தரத்தையை விற்பவரிடம்தான் நாம் பாடம் கேட்க வேண்டியிருக்கும். நல்ல வேளையாக, ஆலோசனைக்கு அரசு அமைப்புகள் அருகிலேயே உள்ளன. முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் 700-க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. கோழிக்கோட்டில் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும், மாநில அரசுகளின் தோட்டக்கலைப் பண்ணைகளும் உள்ளன. இரகத்தின் பெயர் தெரிந்த, நோயற்ற கன்றுகளை அங்கே கேட்டு வாங்கலாம்.

வீடு கட்டத் தொடங்கவிருப்போர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று வரிகளைச் சேர்க்கக் கோரலாம். அடித்தளம் தோண்டும்போது மேல்மண் ஓரடியைத் தனியே வழித்து மனையின் ஒரு மூலையில் குவித்துவைக்க வேண்டும். உயிருள்ள மண் அதுதான், கீழிருந்து வரும் மண்ணோடு அது கலந்துவிடக் கூடாது. கட்டட இடிபாடும் சிமெண்டுக் கலவையின் மிச்சமும் திறந்தவெளியில் புதைக்கப்படக் கூடாது. செடி ஏன் வளரவில்லை என்று தோண்டிப் பார்க்கும் பல வீடுகளில் ஓரடி ஆழத்தில் ஓட்டுத் துண்டும் காரையும்தான் வெளிவருகின்றன, சிமெண்டுக் காரம் ஏறிய மண்ணில் இஞ்சி தேறாது. வேலை முடிந்தபின் அந்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்பித் தர வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, கல் பதிக்கும் செலவில் சிறு பகுதியே.

ஏற்கெனவே கல் பதித்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. மணல்மேல் பாவிய கல்லைப் பெயர்ப்பது எளிது. மதிற்சுவரோரம் மூன்றடி அகலத்துக்கு இரண்டு வரிசையை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் மணலையும் சல்லியையும் ஓரடி ஆழத்துக்கு அகற்றி, மண்ணும் மட்கிய சாணமும் நிரப்பினால் மஞ்சள் பாத்தி ஆயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசலாம். பொது இடத்தில் அழகுப்புல் வளர்க்கவும் அதற்கு நீர் பாய்ச்சவும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து செலவிடும் சங்கங்கள், அதே இடத்தில் நான்கு கறிவேப்பிலையும் இரண்டு முருங்கையும் எல்லோருக்கும் பொதுவாக நட மறுப்பதற்குக் காரணம் இல்லை. யார் பறிப்பது, எவ்வளவு பறிப்பது என்ற சச்சரவு முதலில் எழத்தான் செய்யும். காலைநேரக் காவலர் ஒருவர் கறிவேப்பிலையைக் கொத்துக் கொத்தாகப் பறித்துக் காவலறை மேசையில் வைத்துவிட்டால் அச்சச்சரவு பாதி அடங்கிவிடும். மீதியைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். பால்கனி மட்டுமே உள்ளவர்கள் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழும் இடத்தில், அடியில் நன்கு துளையிட்ட பெரிய தொட்டியில் புதர் மிளகு ஒன்றை வைக்கலாம். கன்று வாங்க ஏற்ற காலம் தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூன் மாதம். தொட்டியின் அடித்தட்டில் மட்டும் நீரை நிற்கவிடாதீர்கள்.